பெண் பார்க்கப் போன பழ ஈக்கள்

என்னால் ஓர் இடத்தில் சும்மா உட்கார முடியாது. அதனால் பட்ட அவமானங்கள் நிறைய. பெண் பார்க்கப் போன கதைக்குத்தான் அதில் முதலிடம்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி எங்களுக்குத் தர்பூசணித் தோட்டம். பூச்சிமருந்து அடிப்பதை விட்டுவிட்டு, அசுவினிப் பூச்சியைத் தின்னப் பொறிவண்டு, பழ ஈயைப் பிடிக்கப் பொறி என்று நான் இறங்கியிருந்த சமயம். "பையன் பூச்சி வளக்குறானாமே" என்று இரண்டு பெண் வீட்டார் நழுவிவிட்டார்கள். மூன்றாவது இடம் வானூர் பக்கம். போட்டோவைப் பார்த்ததிலிருந்து, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு.

கார் வரும்வரை வீட்டில் இருக்கலாம் அல்லவா? புதுச் சட்டையோடு தோட்டத்துக்கு ஓடினேன், பொறி கட்ட (அம்மா கத்தியது உப்பளம் வரைக்கும் கேட்டிருக்கும்). பொறிக்குள் தொங்குவது வாசனை மருந்தில் ஊறிய மரத்துண்டு. ஆண் ஈக்கள் அதில் மயங்கி வந்து மாட்டும்; பெண் ஈக்கு ஜோடி கிடைக்காது; வம்சம் வளராது. ஹாரன் கேட்டதும், மிச்சமிருந்த துண்டைக் காகிதத்தில் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து காரில் ஏறினேன்.

பெண் வீட்டில் கரண்ட் இல்லை. வாசலில், பாகற்காய்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். முதலில் ஓர் ஈ என் சட்டைப்பையில் உட்கார்ந்தது. தட்டினேன். நாலாக வந்தது. நாற்காலியை நகர்த்தினேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். கேசரி வருவதற்குள் நெஞ்சு முழுக்க ஈ. மற்றவர்கள் மேல் ஒன்றுகூட இல்லை.

பெண்ணின் அப்பா என் அம்மா பக்கம் குனிந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. தம்பிக்கு சுகர் இருக்குதா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க. டேய், சொல்லேன்டா."

சொன்னால் பூச்சிக் கதை வெளியே வரும். சொல்லாவிட்டால் சர்க்கரை வியாதி. ஈக்கு ஜோடி கிடைக்காமல் செய்யும் மருந்து எனக்கும் அதையே செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் காபித் தட்டோடு திவ்யா வந்தாள். வெட்கப்பட வேண்டிய நேரத்தில் என் சட்டையையே உற்றுப் பார்த்தாள். "அப்பா, இது நம்ம பாவக்காயக் குத்துற ஈப்பா."

வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பந்தலில் பாதிக் காய் புழு வைத்து அழுகிக்கொண்டிருந்ததாம். பெண்ணின் அப்பா பந்தலை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இத பந்தல்ல மாட்டினா?"

"ஈயெல்லாம் அதுலதாங்க வந்து மொய்க்கும். புடிச்சிடலாம்."

"அப்ப கழட்டுங்க தம்பி."

மருந்து சட்டையிலும் ஊறியிருந்ததால் துண்டும் சட்டையும் சேர்ந்தே பந்தலுக்குப் போயின. நான் பனியனோடு உட்கார்ந்து கேசரி சாப்பிட்டேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே திவ்யாவிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். "சட்டை இல்லாமலே பாத்தாச்சு, இனிமே எப்படி வேணாம்னு சொல்றது?" என்றாளாம்.

கல்யாணம் நடந்தது. மாமனாரும் இப்போது பந்தலுக்குப் பூச்சிமருந்து அடிப்பதில்லை. ஆனால் அவர்கள் வீட்டு விசேஷத்தில் யார் இலையிலாவது ஓர் ஈ உட்கார்ந்தால் போதும், "மாப்பிள்ளை வந்துட்டாரு போல" என்று பந்தியே சிரிக்கும். பெரும்பாலும் நான் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பேன்.