நூற்று நாற்பத்து மூன்று செய்திகளும் ஒரு காதுகுத்தும்

கோலசிலாங்கூர்,
வியாழக்கிழமை, பசியாறிய பிறகு.

அன்பு மாப்பிள்ளை ஐயாவு அவர்களுக்கு,

மைத்துனன் சிவானந்தம் எழுதுவது. இங்கு நானும் லோகேஸ்வரியும் நலம். என் முழங்காலையும் அவளுடைய சர்க்கரையையும் மட்டும் தனியாக நலம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. கெர்லிங்கில் நீங்களும், மகள் அன்பரசியும், காது குத்தப்போகும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் தங்கை கலாவதியின் நலத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை. நேற்று அவள் லோகேஸ்வரியிடம் தொலைபேசியில் பேசியது அடுக்களையிலிருந்து கூடம்வரை கேட்டது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அன்பரசிக்கு உடன்பிறந்தவன் இல்லை. ஆகவே அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் மாமன் இடம், அன்பரசியையே மடியில் வைத்துக் காது குத்திய எனக்குத்தான் என்று நாம் எல்லாரும் எண்ணியிருந்தோம். அடுத்த வாரம் ஞாயிறு விசேஷம். இப்போது அந்த மடி ஜெராமில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகன் சேதுவுக்குப் போகிறது என்று கேள்விப்படுகிறேன். சேது நல்லவர். பொத்தான் வைத்த பழைய போன் வைத்திருக்கிறார். அதனால்தான் அவருக்கு இன்னும் எல்லாரோடும் சுமுகமாக இருக்க முடிகிறது.

மாப்பிள்ளை, நான் இணையத்துக்குப் புதியவன் அல்லன் என்பது உங்களுக்குத் தெரியும். தொலைபேசிக் கம்பியில் மோடத்தைச் செருகி, தொண்டையில் மீன்முள் சிக்கிய கோழிபோல அது கத்தி முடிக்கும்வரை காத்திருந்த காலத்திலேயே உள்ளே நுழைந்தவன். அன்பரசி காதுகுத்துப் படத்தை நீங்கள் அப்போது குடியிருந்த ரவாங்கிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பினீர்களே, அது மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வந்தது. முதலில் என் தலையில் கட்டிய உருமா வந்தது, பிறகு நெற்றி, பிறகு மூக்கு. மீசை வருவதற்குள் லோகேஸ்வரியின் அக்காள் தொலைபேசியில் அழைத்து இணைப்பு அறுந்துபோனது. அப்படியும் நாங்கள் பொறுமையாகத்தான் இருந்தோம். ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு இறக்கினோம். இப்போது ஒரு மின்கட்டணம் பார்க்கப் போனால், நான் மனிதன்தானா என்று கேட்டு, ஒன்பது படங்களில் எங்கெல்லாம் போக்குவரத்து விளக்கு இருக்கிறது என்று காட்டச் சொல்கிறது. போன மாதம் மட்டும் நான்கு தடவை நான் மனிதன் இல்லை என்று முடிவாகியிருக்கிறது. லோகேஸ்வரிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். அந்தக் காலத்து இணையம் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகை மாதிரி. நாமே நடந்து போய், எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு வருவோம். அதற்குப் பிறகு வந்தது வாத்தியார் இல்லாத வகுப்பறை மாதிரி, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இப்போது வந்திருப்பது பழைய தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மண்டோர் மாதிரி. லயத்தில் நாற்பது பேர் கூரை ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள். மண்டோர் அத்தனையையும் கேட்டுக்கொண்டு போய்த் துரையிடம், "எல்லாம் சரியா இருக்குங்க தொர" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். துரையும் நிம்மதியாகத் தேநீர் குடிப்பார். என் மகன் பவனேஷ் போன மாதம் வந்தபோது அப்படி ஒரு மண்டோரை என் கைப்பேசிக்குள் வைத்துவிட்டுப் போனான். "அப்பா, இனிமே குரூப்ல அவ்வளோத்தையும் படிக்க வேணாம் லா, இதுவே சுருக்கிச் சொல்லிரும்" என்றான். நானும் துரை ஆனேன்.

செவ்வாய்க்கிழமை நம் குடும்பக் குழுவில் நூற்று நாற்பத்து மூன்று செய்திகள். காலை வணக்கப் பூக்கள், துரியான் படங்கள், ஆட்டிறைச்சியா கோழியா என்கிற விவாதம், இவற்றுக்கு நடுவே எங்கேயோ கலாவதி, "அண்ணே, மடி உங்களோடது, எத்தன மணிக்கு வர்றீங்க" என்று கேட்டிருக்கிறாள். என் மண்டோர் எனக்குச் சொன்னது இதுதான்: "குடும்பத்தினர் விசேஷ உணவு பற்றிக் கலந்துரையாடினர். உங்களிடமிருந்து நடவடிக்கை தேவையில்லை." அதோடு விட்டிருக்கலாம். ஆனால் செய்தி வந்தால் பதில் போட வேண்டும் என்பது முப்பத்து நான்கு ஆண்டுப் பள்ளிக்கூட வேலையில் வந்த பழக்கம். அதுவே மூன்று பதில்களை எழுதிக் காட்டியது. அதில் ஒன்று, "அழைப்புக்கு நன்றி. விழா இனிதே நடைபெற வாழ்த்துகள்." படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. பிழை இல்லாத தமிழைப் பார்த்தால் எனக்குக் கை நிற்காது. அழுத்திவிட்டேன்.

மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ள வேண்டிய மாமன், வட்டாரத் தலைவர் அனுப்புவதைப்போல ஒரு வாழ்த்தை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டேன் என்பது மறுநாள் லோகேஸ்வரிக்கு வந்த தொலைபேசியில்தான் தெரிந்தது. கலாவதி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணன் பெரிய எடத்து வாழ்த்து அனுப்பிட்டாரு அண்ணி. மாலை போடணுமா, மேடைக்கு அழைக்கணுமான்னு கேட்டுச் சொல்லுங்க. மடிக்கு சேதண்ணன் இருக்காரு."

உடனே மன்னிப்புக் கேட்கலாம் என்று நானே என் கையால் குழுவில் எழுதினேன். "தங்கச்சி, தப்பு நடந்துபோச்சும்மா, மனசுல வெச்சுக்காத" என்றுதான் எழுதினேன். அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, எழுதியதை மெருகூட்டும் பொத்தான் ஒன்று இருப்பதை யார் கண்டது. கைவிரல் தடித்தவன் நான். போய்ச் சேர்ந்தது இது: "ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். தங்கள் புரிதலுக்கு நன்றி." தண்ணீர் வெட்டு அறிவிப்பு என்று நினைத்து உங்கள் பக்கத்தில் யாரோ வாளியில் தண்ணீர் பிடித்து வைத்ததாகவும் லோகேஸ்வரி சொல்கிறாள். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடலாம், மீதிப் பாதி எனக்குப் போதும். அதன் பிறகு கலாவதி என் அழைப்பை எடுப்பதில்லை.

காரை எடுத்துக்கொண்டு நேரே வந்திருப்பேன். ஆனால் மாமனைத் தட்டு வைத்துத்தான் அழைப்பார்கள், மடியைக் கொடு என்று மாமனே போய்க் கேட்பது நம்மில் வழக்கமில்லை. கேட்டு வாங்கிய உரிமையில் பிள்ளையை எப்படி மடியில் வைப்பது? அதனால்தான் மாப்பிள்ளை, பெண்ணைக் கொடுத்த உரிமையில் உங்களிடம் எழுதுகிறேன். அவளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வாழ்த்தைப் பார்த்து உங்களுக்கும் கோபம் இருக்கும், அதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அன்பரசிக்குக் காது குத்தும்போது அவள் என் சட்டையைப் பிடித்திழுத்து இரண்டு பொத்தான்களைப் பிய்த்தாள். அவள் மகளுக்கும் இரண்டு பொத்தான்கள் கொடுக்க நான் ஆசைப்படுகிறேன், வேறொன்றுமில்லை. கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை லோகேஸ்வரியிடம் கொடுத்துவிட்டேன். இனி எனக்குக் கடிதம், நேர்ப்பேச்சு, இரண்டும் போதும்.

பேத்திக்கு எங்கள் இருவரின் ஆசியும், அன்பரசிக்கு அன்பும், கலாவதிக்கு அவள் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு வணக்கமும் சேரட்டும்.

மடி காலியாக இருக்கும்,
சிவானந்தம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நீங்களே தட்டோடு வந்து இறங்கிவிட்டீர்கள். பின்னாலேயே கலாவதியும். வாழ்த்தைப் பற்றி நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தபோது, "எந்த வாழ்த்து மச்சான்? அந்த குரூப்ப நான் மூடி வெச்சு ரெண்டு வருசமாச்சு. மாமன் வீட்டுக்குத் தட்டு வைக்கணும், வந்தேன்" என்று நீங்கள் சொன்னதைக் கேட்ட பிறகு, மேலே உங்கள் கோபத்தைப் பற்றி எழுதிய வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். தாள் வீணாகும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் இப்போது கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள், இதைக் கையிலேயே தருகிறேன். மடி எனக்குத்தான் என்று கலாவதி ஒத்துக்கொண்டாள், ஒரு தண்டனையோடு. லோகேஸ்வரியிடம் சாவியை வாங்கி, அலமாரியைத் திறந்து, கைப்பேசியை என் கையில் கொடுத்து, செவ்வாய்க்கிழமை வந்த நூற்று நாற்பத்து மூன்றையும் அவள் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று உட்கார வைத்திருக்கிறாள். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். தொண்ணூற்றொன்று முடிந்திருக்கிறது. அவளிடம் சொல்லிவிடாதீர்கள் மாப்பிள்ளை, இதுவரை அந்த மண்டோர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அத்தனையும் சாப்பாடுதான்.