கலியாணசுந்தரத்தின் இலையில் நான் சாப்பிட்ட விவரம்

காஜா பெராங், மலாக்கா
15 ஜனவரி 1958

சிரம்பான் சபையில் உபதேசியாராக ஊழியம் செய்துவரும் மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் ஜெயபாலன் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் பொன்னம்மாவும் சுகம். அங்கே அக்காவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். கிறிஸ்துமஸ் அன்று உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலியைத் தள்ளிவிட்டு நான் பஸ் பிடிக்கப் போனதற்கு முதலில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். அன்றைய வாக்குவாதத்தில் நீங்கள் சொன்னதே சரி. இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

விஷயம் உங்களுக்கு மறந்திருக்காது. மனுஷன் இரட்சிக்கப்படுவது கிருபையால் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. அதற்குப் பிறகு அவன் பரிசுத்தமாவது எப்படி என்பதில்தான் சண்டை. அதுவும் கிருபைதான், இவன் தன் கையை வைத்தால் காரியம் கெடும் என்றீர்கள் நீங்கள். நான் இருபத்தெட்டு வருஷம் பொதுப்பணி இலாகாவில் ரோட்டு ஓவர்சியராக இருந்தவன். கல் கொட்டி, தார் ஊற்றி, ரோலர் ஓட்டாமல் எந்த ரோடும் சமமானதை நான் பார்த்ததில்லை. கோபம், பெருமை, பொறாமை எல்லாம் மேடு பள்ளம், ஆண்டவர் சாமானை இறக்கிக் கொடுப்பார், ரோலரை நாம்தான் ஓட்ட வேண்டும் என்றேன். "அப்படின்னா ரெண்டு வருஷமா பக்கத்து வீட்டுல பேசாம இருக்கீங்களே, ரோலர் ரிப்பேரா?" என்று கேட்டீர்கள். அப்போதுதான் நாற்காலி விழுந்தது.

பக்கத்து வீட்டார் இங்கே செட்டி கம்போங்கைச் சேர்ந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சாமி நம் ஊர்ச் சாமி, பெயர் நம் பெயர், பேச்சு மட்டும் முழுக்க மலாய். அந்த வீட்டுப் பெரியவர் கலியாணசுந்தரம் வைத்து வளர்த்த மாமரத்தின் ஒரு கிளை என் தகரக் கூரைமேல் வந்து படுத்திருந்தது. காற்றடித்தால் கூரை பிறாண்டும். வெட்டச் சொன்னேன், பழம் இறங்கட்டும் என்றார். பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதி அறிவித்த அன்று மலாக்காவே அங்கே திரண்டுபோயிருந்தது. அவர்கள் வீட்டிலும் யாரும் இல்லை. நான் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு ஏணி வைத்து ஏறினேன். தேசம் விடுதலை கேட்டுக் கத்திக்கொண்டிருந்த வேளையில் என் கூரைக்கு விடுதலை வாங்கிவிட்டு இறங்கினேன். அன்று மாலை பெரியவர் வெட்டுப்பட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். எட்டு மாதம் கழித்துக் காய்ச்சலில் போய்விட்டார். மச்சான், பக்கத்து வீட்டுச் சாவுக்கு நான் போகவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். இதை உங்களிடம்கூட நான் சொன்னதில்லை.

இந்த மாதம் ஐந்தாம் தேதி திருவிருந்து ஆராதனை. பிறர்மேல் மனத்தாங்கல் உள்ளவர்கள் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வரட்டும் என்று போதகர் வழக்கம்போல் அறிவித்தார். அது மற்றவர்களுக்குச் சொல்வது என்று முப்பது வருஷமாக நினைத்துப் பழகியவன், அன்றும் போய் முழங்கால் போட்டேன். இடப்பக்கத்து ஆளுக்கு அப்பம் கொடுத்தார், வலப்பக்கத்து ஆளுக்குக் கொடுத்தார், நடுவில் என்னைத் தாண்டிப் போனார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன். வெளியே வந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வாங்க, அப்புறம் இங்க வாங்க" என்றார். அன்று பொன்னம்மா வைத்த கோழிக்கறி எனக்கு இறங்கவில்லை. இனி சாகும்வரை அந்த மேசையில் எனக்கு இடம் கிடையாதோ என்று பயந்துபோனேன்.

பயந்தாலும் ஓவர்சியர் ஓவர்சியர்தான், உடனே வேலைத் திட்டம் போட்டேன். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம் பண்ணிவிட்டு வேலியோரம் நின்று, பெரியவரின் மகன் மாணிக்கவாசகம் வேலைக்குக் கிளம்பும்போது புன்னகை செய்தேன். இரண்டு வருஷம் முறைத்தே பார்த்த முகம் திடீரென்று பல்லைக் காட்டினால் என்னவென்று எடுத்துக்கொள்வார், கேலி என்று எடுத்துக்கொண்டு சைக்கிள் மணியை ஓங்கி அடித்துவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதே மனந்திரும்புதலின் அடையாளம் என்று தோன்றியதால், என் கொல்லையில் கிடந்த அந்த மாங்கிளையை ஒரே அளவாக வெட்டி, கயிறு போட்டு மூன்று கட்டாகக் கட்டி, அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அப்பா வளர்த்த மரத்தை விறகாக்கி மகனுக்கு அனுப்பியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை, வாய்விட்டே மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று வேலியருகே போனேன். எனக்குத் தெரிந்த மலாய் ரோட்டுக் கூலிகளை வேலை வாங்கிய மலாய், அதில் மன்னிப்புக்கு வார்த்தை கிடையாது. இங்கே வா, சீக்கிரம் வா, இந்த வேலையை இன்றைக்கே முடிக்க வேண்டும் என்கிற பொருளில் ஏதோ கத்தியிருக்கிறேன். அவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். கடைசியாக ஞாயிறு மாலையிலிருந்து உபவாசம் இருந்தேன். உபவாசத்தில் கஞ்சி சூடாக இல்லை என்று பொன்னம்மாவை வைதேன். உபவாசத்தில் கஞ்சி எதற்கு என்று நீங்கள் கேட்க வேண்டாம், அவளே கேட்டுவிட்டாள். எட்டு நாள் முயற்சியில் நான் ஒன்றரை மடங்கு கெட்டவனாகியிருந்தேன்.

திங்கட்கிழமை மதியம், ஆனது ஆகட்டும் என்று வெறும் வயிற்றோடு அவர்கள் வீட்டுக்கே போனேன். கதவு திறந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. உள்ளே குத்துவிளக்கு எரிகிறது, சாம்பிராணிப் புகை, பாயின் மேல் வரிசையாக வாழை இலை போட்டு, சோறும் புளிக்குழம்பு மீனும் சம்பாலும் பலகாரமும் பரிமாறி வைத்திருக்கிறது. ஒரு ஆளைக் காணோம். விறகுக் கட்டின் உட்பொருள் கடைசியில் அவர்களுக்கு விளங்கி, எனக்காக விருந்து வைத்துவிட்டு வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். சத்துருக்களுக்கு முன்பாக ஒரு பந்தி என்று வேதத்தில் இருப்பது இதுதான் என்றும் தோன்றியது. பசி வேறு. முதல் இலையில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன். பக்கத்தில் ஒரு கிளாஸில் கறுப்பாக ஏதோ இருந்தது. கஷாயம் என்று நினைத்து ஒரே மூச்சில் குடித்தேன். நான் சபையின் மதுவிலக்குச் சங்கச் செயலாளர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும், அது ஸ்டௌட் பீர்.

பொங்கலுக்கு முந்தின நாள் செத்துப்போன பெரியவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது அவர்கள் வழக்கமாம். பார்ச்சூ என்கிறார்கள். பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று அந்த வீட்டார் கொஞ்ச நேரம் கொல்லைப்பக்கம் ஒதுங்கி நிற்பார்களாம். நிமிர்ந்து பார்த்தபோது வாசற்படியில் பெரியவரின் மனைவி கமலவேணியம்மாளும் மாணிக்கவாசகமும் பிள்ளைகளும் நிற்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்தது கலியாணசுந்தரத்தின் இலை. அவர் இலை என்று மாணிக்கவாசகம் சொன்னபோது குரலில் கோபம்கூட இல்லை. கையில் பிசைந்த சோற்றோடு எழுந்து நின்றேன். அந்த மனுஷனின் மரத்தை வெட்டினேன், சாவுக்குப் போகவில்லை, இப்போது அவர் சாப்பாட்டையும் தின்றுவிட்டேன். கேட்க வேண்டிய மன்னிப்பு இத்தனை இருந்தும் ரோட்டு மலாய்கூட வாயில் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. ஐம்பத்தாறு வயதில் பிள்ளைகள் முன்னால் அழுதேன்.

கமலவேணியம்மாள் கிட்டே வந்து, "டூடோக். மாக்கான் டூலு" என்றார். உட்கார், முதலில் சாப்பிடு என்று அர்த்தம். உட்கார்ந்தேன். இன்னொரு மீன் துண்டை என் இலையில் வைத்தார். கிளையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆகவே மச்சான், ஒப்புக்கொள்கிறேன். நான் சரியாகச் செய்த காரியம் அதில் ஒன்றுமில்லை, செய்த அத்தனையும் தப்பு, இருந்தும் எனக்கு மன்னிப்புக் கிடைத்தது. சும்மா வந்த கிருபை. மனுஷ முயற்சி அதில் கடுகளவும் இல்லை. போதகரிடம் சொன்னேன், பிப்ரவரி முதல் ஞாயிறு என்னைத் தாண்டமாட்டேன் என்றிருக்கிறார். ஸ்டௌட்டை மட்டும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை உங்கள் சபையில் சாட்சியாக வாசிப்பதானால் அந்த வரியை விட்டுவிட்டு வாசிக்கவும்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் ஊழியமும் அக்காவின் முழங்காலும் நாளுக்கு நாள் பலப்பட இங்கிருந்து ஜெபிக்கிறோம்.

இப்படிக்கு,
தோற்றதில் வருத்தமில்லாத
ஜெயபாலன்

பின்குறிப்பு: இதைச் சபையில் வாசிக்க வேண்டாம். உறை ஒட்டுமுன் பொன்னம்மா வாங்கிப் படித்துவிட்டாள். பெரியவர் செத்த அன்று நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவள் கொல்லைப்புறமாகப் போய் பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் இருந்து பாத்திரம் கழுவிக் கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் நான் தூங்கும் நேரத்தில் ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்து, கமலவேணியம்மாளோடு உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். விறகுக் கட்டு போன அன்று அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் என்றைக்காவது வருவார், வந்து என்ன கூத்து பண்ணினாலும் எழுப்பி அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்டிருக்கிறாள். எனக்குச் சும்மா வந்ததற்கு ஒருத்தி ஒன்றேகால் வருஷம் நடையாய் நடந்திருக்கிறாள். இதைக் கிருபைக் கணக்கில் சேர்ப்பதா முயற்சிக் கணக்கில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள்தான் எழுத வேண்டும். இத்தனை நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "சொல்லியிருந்தா தடுத்திருப்பீங்க. நீங்க எடுத்த முயற்சியிலேயே அது ஒண்ணுதான் பலிச்சிருக்கும்."