ஏற்கெனவே அடித்த ஆணி

மணப்பெண்ணின் வலது கால் செருப்பு குதிகாலோடு தோட்டத்துப் புல்தரைக்குள் இறங்கிவிட்டது. காலை உருவினாள். கால் வந்தது. செருப்பு வரவில்லை.

"நாளைக்கு உன்னையும் சேர்த்து இழுத்துக்கும் பாரு," என்றாள் அக்கா. "மண்டபம்னா தரைன்னு ஒண்ணு இருக்கும். சொன்னேன், கேட்டியா?"

மறுநாள் காலை கல்யாணம். திறந்தவெளியில்தான் என்று வீட்டில் ஒவ்வொருவரோடும் தனித்தனியாகச் சண்டை போட்டு வாங்கிய கல்யாணம். இத்தனை வயதில் அவள் இஷ்டப்படி நடக்கப்போகிற முதல் காரியம். அது கெட வேண்டும் என்று அக்கா வேண்டிக்கொள்ளவில்லை. கெட்டால் பார்ப்பதற்கு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தாள், அவ்வளவுதான்.

அலங்காரக்காரர் மண்டியிட்டு செருப்பைத் தோண்டி எடுத்தார். கூடவே ஒரு கொண்டை ஊசியும் வந்தது. வெள்ளைக்கல் பட்டாம்பூச்சி.

"உன்னோடதுடி. விழுந்திருக்கு."

மணப்பெண் தலையைத் தொட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளை ஆசையாக வாங்கித் தந்த பட்டாம்பூச்சி, வைத்த இடத்திலேயே இருந்தது. மண்ணிலிருந்து வந்தது அதன் துருப்பிடித்த அக்கா மாதிரி இருந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். ஊசியைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்ததால் செருப்பைப் பற்றிச் சொன்னாள்.

"அவ்வளவுதானா? கொட்டகையில பலகை இருக்கும்மா. நடைபாதை மாதிரி போட்டுக்கோ."

இருந்தது. வெள்ளை அடித்த பலகைகள். வாசலிலிருந்து அலங்கார வளைவு வரவேண்டிய இடம்வரை போட்டுப் பார்த்தார்கள். ஒரு பலகை மிஞ்சவில்லை, ஒரு பலகை குறையவில்லை.

"அளந்து வெட்டின மாதிரி இருக்கு," என்றார் அலங்காரக்காரர். பிறகு மெல்ல, "நான் வெட்டலம்மா," என்றும் சேர்த்துக்கொண்டார்.

வளைவை நட வேண்டும். கடப்பாரையை ஓங்கியவர் அப்படியே நின்றார். புல்லுக்குள் நான்கு குழிகள் தயாராக இருந்தன. வளைவைத் தூக்கி வைத்தார். நான்கு காலும் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கின.

"இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பூமி இப்படி ஒத்துழைச்சதே இல்ல."

"இந்தத் தோட்டத்துல இதுவரைக்கும் யாருக்கும் கல்யாணமே நடந்ததில்ல," என்றாள் மணப்பெண். "நாமதான் முதல்னு அவர் சொன்னாரே!"

"அப்ப இங்க வேற ஏதோ நடந்திருக்கு," என்றாள் அக்கா. நேராக வாசலுக்குப் போனாள். அங்கே காவலாளி ஒருவர் காலையிலிருந்து அசையாமல் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க யாராவது செத்திருக்காங்களா?"

அவர் யோசித்தார். யோசிக்க வேண்டிய கேள்விதானா அது என்று அக்காவுக்குத் தோன்றியது.

"உள்ள வர்றவங்களை மட்டும்தாங்க நான் பாக்கறது."

அக்கா திரும்பி வந்தபோது நடை கொஞ்சம் வேகமாக இருந்தது. அதற்குள் மணப்பெண் மறுபடி போன் போட்டிருந்தாள். "அந்த இடம் பிடிக்கலைன்னா மரத்தடிக்கு மாத்திக்கோம்மா. இதுல என்ன இருக்கு?" என்றாராம் மாப்பிள்ளை.

மரத்தடிக்கு மாற்றினார்கள். பூச்சரம் தொங்கவிட அலங்காரக்காரர் சுத்தியலோடு ஏணியில் ஏறினார். ஏறிய வேகத்தைவிட வேகமாக இறங்கினார்.

"ஆணி இருக்கும்மா."

"நல்லதுதானே, அடிக்கிற வேலை மிச்சம்," என்றாள் மணப்பெண்.

"நான் எங்கெங்க அடிக்கணும்னு நினைச்சேனோ அங்கங்க இருக்கு."

ஒரு ஆணியில் நைந்த ரிப்பன் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. இளம் ஊதா. தூக்கத்தைத் தொலைத்து யோசித்து, இது யாருமே வைக்காத நிறம் என்று மணப்பெண் தேர்ந்தெடுத்த அதே இளம் ஊதா. மாப்பிள்ளை சொன்ன ஒரே யோசனையும் இந்த நிறம்தான்.

"நான் கிளம்பறேன்," என்றார் அலங்காரக்காரர். "எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

"எங்களைப் பாத்தா ஆல மரத்துல காய்ச்ச மாதிரியா இருக்கு?" என்று அக்கா அவர் சட்டையைப் பிடித்தாள். "பூவை வெச்சுட்டுப் போய்யா!"

மணப்பெண்ணுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எல்லாம் இந்த ஊசியால்தான். துருப்பிடித்த பட்டாம்பூச்சியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கோடியிலிருந்த குளத்தோரம் ஓடினாள், வீசினாள். தெளிந்த தண்ணீர். ஊசி சுழன்று சுழன்று அடியில் போய்ப் படுத்தது.

அதன் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பட்டாம்பூச்சி படுத்திருந்தது.

"கார் எங்கடி?" என்றாள் அக்கா. "மண்டபத்துக்குப் போறோம். இல்ல, வீட்டுக்கே போறோம்."

"மாட்டேன்! ஒரு இடத்துக்குப் பயந்து என் கல்யாணத்தை விட்டுத்தர மாட்டேன்." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, பயமா இருக்குங்க. உடனே வாங்க."

"அங்கேயே இரும்மா. எங்கேயும் போயிடாத. வந்துட்டே இருக்கேன்."

வெயில் இறங்கி மர நிழல் நீளும்போது வாசலில் கார் வந்து நின்றது. மணப்பெண்ணுக்கு உயிர் வந்தது. பேயாவது பிசாசாவது! அவர் வந்துவிட்டார், இனி எது வந்தால் என்ன? பலகைமேல் டக்டக்கென்று வாசலுக்கு ஓடினாள்.

காவலாளி அன்றைக்கு முதல்முறையாக எழுந்தார். ரேடியோவை அணைத்தார். காருக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தபடி, இன்னும் வெளிறியே இருந்த அவள் முகத்தைப் பார்த்து மனம் இளகிச் சொன்னார்:

"பயப்படாதீங்கம்மா. போன ரெண்டு பொண்ணுங்களும் இப்படித்தான் நடுங்குச்சுங்க. சார் வந்து கையைப் பிடிச்சாரு, அப்புறம் சத்தமே இல்ல."