ஆற்றுக்கு வைத்த புளிச்சோறு

மனிதர்களிடம் திருடியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆற்றிடம் திருடிய ஒருத்தியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது நான்தான். அதுவும் சும்மா கிடந்த ஆற்றிடம் இல்லை, ஊரை முழுங்க வந்துகொண்டிருந்த ஆற்றிடம். (பெருமை பேசவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.)

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்து முன்னே பின்னே இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே, முல்லையாற்றங்கரையில் எங்கள் ஊர். என் அப்பாவின் கூடப்பிறந்த அக்காள் மகனுக்கே என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. எனக்கு மாமியாராகிவிட்ட அந்த அத்தை வேண்டாத சாமி கிடையாது. காலையில் நான் சாணி கரைக்கப் போனால், ஓங்கரிக்கிறேனா என்று பார்க்கப் பின்னாலேயே வருவார். நானோ கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்புக்காரி. அவர் நின்று பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு திரும்புவார்.

அந்த ஆடியில் ஒருநாள் காலை, தலையாரி தமுக்கடித்துக்கொண்டு தெருவில் வந்தார்.

"மலையில பேய்மழை பேயுது! ஆத்துல வெள்ளம் எறங்குதுன்னு தாக்கல் வந்திருக்கு! கரையோரம் இருக்கவுக எல்லாரும் மேட்டுக்குப் போயிரணும்னு சொல்லியிருக்காக!"

எங்கள் பக்கம் ஆடியில் ஆறு பெருகினால், ஆற்றாத்தாளுக்கு மசக்கை என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சி புளிப்புக் கேட்பாள் இல்லையா? ஊரில் கடைசியாக வந்த மருமகள் பட்டினி கிடந்து, உப்புக்கூடப் பார்க்காமல் புளிச்சோறு கிண்டி, தன் கையாலேயே தண்ணீரில் விடவேண்டும். தின்றால் ஆற்றாத்தா அடங்குவாள். கிடைக்காவிட்டால் ஊருக்குள் வந்து தேடுவாள். எனக்குப் பிறகு எவளும் அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வராததால், ஒன்றரை வருஷமாக நான்தான் கடைசி மருமகள்.

"ஏடி பேச்சி, ஊரு உன் கையிலதான் இருக்கு. பச்சத்தண்ணிகூட வாயில படக்கூடாது" என்றார் அத்தை.

அரைப்படி அரிசி. பழைய புளி, நல்லெண்ணெய், வறுத்த வேர்க்கடலை, கிள்ளிப்போட்ட மிளகாய். கிண்டும்போதே எனக்குக் கண் இருட்டியது. (பக்தியால் என்று அத்தை நினைத்துக்கொண்டார்.)

பிறகு ஊரே பக்கத்துப் பாறைக்குன்றான கரட்டுக்கு ஏறியது. ஒருவர் ஆட்டைத் தூக்கினார், ஒருவர் சாமிப் பெட்டியைத் தூக்கினார். என் மாமனாரான மாமா, எங்கள் வீட்டு முன்கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டார்.

"கதவ எதுக்குய்யா தூக்குறீக?" என்றார் அத்தை.

"புதுக் கதவுடி! வீடு போனா மண்ணுல கட்டிக்கிரலாம். தேக்குக்கு எங்கன போறது?"

கரட்டு மேலே அந்தக் கதவைப் பாறையில் சாய்த்துவைத்து, தூறலுக்கு மறைவாக என்னையும் பானையையும் அதன் அடியில் உட்காரவைத்தார்கள். தண்ணீர் வயலுக்குள் வந்ததும் கூப்பிடுவார்கள், நான் பானையோடு இறங்கவேண்டும். எல்லோரும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஆற்றைப் பார்த்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் புளிச்சோறும்.

நான் நல்லவள்தான். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூக்கைத் திருப்ப முடியவில்லை. ஆற்றுக்கு உப்பில்லாத சோற்றைக் கொடுத்து, அவள் கோபித்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டால் பழி யாருக்கு? எனக்குத்தானே? ஊர் நன்மையை நினைத்து ஒரு வாய் எடுத்தேன்.

உப்பு சரியாக இருந்தது. மேலே சரியாக இருந்தால் அடியிலும் சரியாக இருக்குமா? நடுவில்? ஓரத்தில்? அப்படி ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே போனதில், கை பானையின் அடியைத் தொட்டது.

அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. நகம் வெறும் பானையில் உரசுகிற சத்தம்.

அதே நேரம் அந்தப் பக்கம் கூச்சல். "தண்ணி வயலுக்குள்ள வந்துருச்சு! பேச்சியக் கூப்புடுங்க!"

எனக்கு உயிர் போய்விட்டது. கீழே முப்பது வீடுகள், என் கல்யாணச் சேலையை வைத்திருந்த மரப்பெட்டி உட்பட. எல்லாவற்றையும் காப்பாற்றவேண்டிய சோறு என் வயிற்றில். என்ன செய்வது? கதவுக்கடியில் ஈரச் செம்மண் இருந்தது. அள்ளி அள்ளிப் பானையை நிரப்பினேன். மேலே தட்டிச் சமன் செய்தேன். சோறு பிசைகிறவளைப் போல அவ்வளவு பக்குவமாகத் தட்டினேன். வாழையிலையால் மூடி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

பெண்கள் குலவை போட நின்றார்கள். பூசாரி மணியைக் கையில் எடுத்தார். நேராக இறங்கிப் போயிருந்தால் தப்பித்திருப்பேன். அத்தைதான் "இரு, ஒரு மஞ்சத்துண்டு வைக்கணும்" என்று இலையைத் தூக்கினார்.

குலவை பாதியில் நின்றது.

"சோறு எங்கனடி?"

நான் வாயைத் திறந்தேன். பல்லிடுக்கில் ஒரு மிளகாய் விதை.

"ஏ பேச்சி! ஆத்தாளுக்கு வச்ச சோத்தையா...?" அத்தை தலையில் அடித்துக்கொண்டார். மாமா கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பூசாரி, இனி ஊர் மிஞ்சாது என்று சொல்லித் துண்டை உதறினார்.

அப்போது மருத்துவச்சி குருவம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஊரில் பாதிப்பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள். என் மோவாயைப் பிடித்துத் தூக்கி, வாய் ஓரத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்ன, மண்ணா? மண்ணும் தின்னுருக்கா. புளியும் தின்னுருக்கா. அட கூறுகெட்டவகளா, புளியும் மண்ணும் ஒருத்தி கேட்டா என்னன்னு தெரியாது?"

எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். அரைப்படிச் சோறு உள்ளே இருந்ததால் அது நன்றாகவே மேடாக இருந்தது.

அதே நொடியில் கீழேயிருந்து ஒருவர் கத்தினார். "தண்ணி எறங்குது! வரப்பு தெரியுது!"

"பாத்தீகளா!" என்றாள் குருவம்மா. "ஆத்தா தன் மசக்கைய இவளுக்குக் குடுத்துட்டுப் போயிட்டா!"

நிறுத்தின குலவை மறுபடி கிளம்பியது. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் பொய் சொல்லவில்லை. தலையைக் குனிந்தேன், அவ்வளவுதான். (குனிந்தது ஏப்பத்தை மறைக்க.)

வீட்டுக்கு வந்து கதவை மாட்டிய கையோடு சாப்பாடு தொடங்கியது. காலையில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றி உளுந்தங்களி. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. சாயங்காலம் பணியாரம். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் எங்கள் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லி அழுதேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "அம்மாட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"பெறகு சொல்லிக்கிரலாம். மிச்சக் களி எனக்குத்தான் வருது."

பத்தாம் நாள் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அந்தக் காலத்தில் மாதம் மூன்று நாள் பெண்கள் வீட்டுக்குள் வராமல் விலகி உட்காரவேண்டும். நான் மாட்டுக்கொட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அத்தை களிக் கிண்ணத்தோடு என்னைத் தேடி வந்தார். என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் களி முழுவதையும் தானே தின்றார். கடைசியில் விரலை வழித்துக்கொண்டு கேட்டார்:

"அன்னிக்கு உப்பாவது சரியா இருந்துச்சாடி?"

"இருந்துச்சு அத்த."

"ம்" என்று எழுந்து போனார். அந்த 'ம்'முக்கு அடி தேவலை.

இரண்டு வருஷம் கழித்து நான் நிஜமாகவே முழுகாமல் இருந்தேன். ஒருவரும் நம்பவில்லை. வாந்தி எடுத்தால் "என்னத்தத் திருடித் தின்ன?" என்றார்கள். குருவம்மா என்னைக் கண்டாலே வாயைத் திறந்து காட்டச் சொல்வாள், மண் இருக்கிறதா என்று பார்க்க. ஏழாம் மாதம்தான் அத்தை ஒப்புக்கொண்டார். வலி எடுத்த அன்றுகூட மாமா, "நல்லாப் பாருங்க, புளிச்சோறாயிருக்கப் போகுது" என்றார். என் மகன் அழுத பிறகுதான் ஊர் நம்பியது.

அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் நல்ல சேதி சொன்னாலும் முதல் கேள்வி, "நெசமா, புளிச்சோறா?" என்பதுதான்.

ஆடியில் இப்போதும் ஆற்றுக்குச் சோறு போகிறது. ஆனால் அத்தை காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் உண்டு. முதல் தட்டு எனக்கு, பிறகுதான் ஆற்றுக்கு. போன ஆடியில் என் பேரன் பொண்டாட்டி, இப்போது ஊரின் கடைசி மருமகள், பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"தின்னுட்டீகளா அப்பத்தா? நான் ஆத்துக்குப் போகட்டா?"

"உப்புச் சரியாத்தான் இருக்கு" என்றேன். "எதுக்கும் அடியிலருந்து ஒரு கை எடுத்து வச்சுட்டுப் போ. பாத்துச் சொல்றேன்."