புத்தலப்பட்டுக்குப் போன ஒன்பது வேன்கள்

பெங்களூரில் ஆறு மாதம் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவனுக்கு உலகத்தில் தெரியாத விஷயமே இருக்காது. அப்போது எனக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

சித்தூரில் என் தாய்மாமா வாடகை வேன் தொழில் நடத்திவந்தார். அவர் மகள் பவானியை எனக்குக் கேட்டபோது, "கம்ப்யூட்டர்ல இன்னாதான் பண்றான்னு நம்ம ஆபீஸ்ல காட்டட்டும், அப்பால பாக்கலாம்" என்றுவிட்டார்.

காட்டினேன். அவருடைய எந்தக் கிளையில் வேன் பதிந்தாலும் உடனே டிரைவரின் செல்போனுக்குத் தகவல் போகும்படி ஒரு சாஃப்ட்வேர் எழுதினேன். எடை குறைந்த ஃபிரேம்வொர்க், கண்மூடித் திறப்பதற்குள் பதில், நூறு கிளை வந்தாலும் தாங்கும் என்று அளந்துவிட்டேன். (சர்வர் என்று நான் சொன்னது என் பழைய கம்ப்யூட்டர்.) ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் வரமாட்டார்கள் என்று நானே முடிவு செய்து, சர்வரின் வாசலைக் குறுகலாக வைத்திருந்தேன்.

முகூர்த்த மாதத்து வெள்ளிக்கிழமை, பத்தரை மணிக்குத் திறந்தேன். ஒரு பதிவும் வரவில்லை. சர்வர் பஞ்சு மாதிரி லேசாக ஓடுவதாகப் பூரித்துப்போனேன். மாமாவை அழைத்தால், "பன்னண்டுக்கு மேல வர்றேன்" என்றார். (அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.)

பன்னிரண்டு அடித்ததும் எல்லாக் கிளைகளும் ஒன்றாகப் பாய்ந்தன. திரை அப்படியே நின்றுவிட்டது. திருப்பதி அலிபிரி கிளையைப் பார்த்துக்கொண்டிருந்த பவானி போன் செய்தாள்.

"இன்னா மாமா, சுத்திக்கினே கீது?"

"காலையிலேர்ந்து எல்லாரும் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"ராகு காலத்துல எவனாவது புது வேல ஆரம்பிப்பானா? பேப்பர்ல எழுதி வச்சிக்கினு குந்தினு இருந்தோம்."

ராகு காலம் பார்க்காமல் முடிவெட்டக்கூட என்னை அனுப்பாத அம்மாவுக்குப் பிறந்தவன் நான். பெங்களூர் ஏஸி அதை மறக்கடித்துவிட்டது.

"புத்தலப்பட்டு கல்யாண வூட்டுக்கு ஒரு வேன். அமுக்கிக்கினே கீறேன்."

"எத்தினி தபா அமுக்கின?"

"வர்ற வரைக்கும்."

அவள் அமுக்கிய ஒவ்வொன்றும் வாசலில் காத்திருந்து, ஒவ்வொன்றும் தனிப் பதிவாக உள்ளே போனது. ஒரு வேன் கேட்ட புத்தலப்பட்டு விவசாயி வீட்டு முன்னால் ஒன்பது வேன்கள் வரிசையாக வந்து ஹாரன் அடித்தன. அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஊரையே ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பிவிட்டார். மற்ற கல்யாணக் கோஷ்டிகள் நடுத்தெருவில் நின்றன. மாமா தெரிந்த டிராவல்ஸ்காரர்களிடமெல்லாம் கெஞ்சி வண்டி பிடித்தார். நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுத் திட்டு வாங்கினேன்.

சாயங்காலம் பையைத் தூக்கினேன். பவானி கைநழுவிப் போய்விட்டாள் என்று அழுகையே வந்துவிட்டது.

"எங்க போற? குந்து, துன்னுட்டுப் போ," என்றார் மாமா. "வேற எவனா இருந்தா அப்பவே பஸ் ஏறிருப்பான். நீ கடைசி வண்டி போற வரைக்கும் போன் போட்டு மன்னாப்பு கேட்டுக்கினு இருந்த. எனக்கு அது போதும்."

கல்யாண மேடையில் நான் தாலியைக் கையில் எடுத்தேன். கெட்டிமேளத்தையும் மீறி மாமாவின் குரல் கேட்டது.

"ஒரு தபா கட்னா போதும் மாப்ள. எத்தினி தபா கட்னாலும் ஒரு பொண்ணுதான் வரும்."

இன்றைக்கும் எங்கள் உறவில் எந்த மாப்பிள்ளை தாலியை எடுத்தாலும், கூட்டத்திலிருந்து யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பவானிதான்.