எங்கள் வீட்டுப் படங்களில் ஒரு யாரோ

இந்த வீட்டில் இனி பெயர் இல்லாத படம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் துலக்கும்போது முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை நான் அப்போதுதான் எடுப்பது வழக்கம். வாய் நிறைய நுரை இருப்பதால் மனைவியிடம் அனுமதி கேட்க முடியாமல் போகும்.

எனக்கு ஒரு மருந்துக் கிடங்கில் இரவு வேலை. வருகிற பெட்டிக்கெல்லாம் சீட்டு ஒட்டி, எது எந்த அடுக்கில் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். சீட்டில்லாத பெட்டியைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். அப்படிப்பட்டவன் வீட்டில் படங்கள் கிடந்த கிடையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். செத்துப்போன செல்போன்களில் பாதி, கீறல் விழுந்த சீடிகளில் மீதி, நகம் அளவு மெமரி கார்டுகளில் கொஞ்சம். எல்லாவற்றையும் ஒருமுறை ஹார்ட் டிஸ்கில் கொட்டி வைத்திருந்தேன். அதற்குள் 'புதிய ஃபோல்டர்', அதற்குள் இன்னொரு 'புதிய ஃபோல்டர்', அதற்குள் 'இதுதான் கடைசி', அதற்கும் உள்ளே 'கடைசியிலும் கடைசி'. மகள் முதல்முதலாக நடந்த வீடியோ வேண்டும் என்று தேடினால் தண்ணீர்த் தொட்டி கழுவிய வீடியோ வரும்.

இதெல்லாம் வெளியில் சொல்லும் காரணம். உள்ளுக்குள் எனக்கு வேறு கணக்கு இருந்தது.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போய்விட்டதால் அவளுடைய அறை காலியாக இருந்தது. அதே சமயம் என் மனைவியின் தம்பிக்கு எங்கள் ஊருக்கு மாற்றல் வந்தது. வீடு கிடைக்கிற வரைக்கும் அந்த அறையில் இருக்கட்டுமே என்று மனைவி ஆரம்பித்திருந்தாள். என் மைத்துனன் ஒரு மெத்தைக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. தன் சரக்கைத் தானே படுத்துப் பார்த்துச் சோதிக்கிற நேர்மையான ஆள். போன தடவை ஒரு வாரம் என்று வந்தவன், நாங்கள் காலண்டர் மாற்றிய பிறகுதான் கிளம்பினான். அவன் வருவதற்குள் அறையை நான் பிடித்தாக வேண்டும். கம்ப்யூட்டரை அங்கே தூக்கிப் போட்டு, குடும்பத்துப் படங்களையெல்லாம் அடுக்கிப் பெயர் கொடுக்கிற புனிதப் பணி நடக்கிறது என்று சொல்லிவிட்டால் யார் என்னைக் கிளப்ப முடியும்?

மனைவியிடம் சொன்னேன். அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னால் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

நான் போட்டுக்கொண்ட மென்பொருள் கெட்டிக்காரத்தனமானது. படங்களிலிருந்து முகங்களை மட்டும் வட்டமாக வெட்டி எடுக்கும். ஒரே முகத்தையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி, "இவர் யார்?" என்று கேட்கும். பெயரைச் சொல்லிவிட்டால் அந்த ஆள் இருக்கிற எல்லாப் படத்திலும் தானே பெயர் ஏறிவிடும். மனைவி, மகள், மாமியார் என்று வரிசையாகப் பெயர் கொடுத்தேன். மாமியார் கட்டுதான் பெரிய கட்டு. என் பழைய மேலதிகாரியையும் பூங்காவில் இருந்த ஒரு கற்சிலையையும் அது ஒரே ஆள் என்று நினைத்திருந்தது. திருத்த மனம் வரவில்லை.

என் கட்டு சின்னது. பாஸ்போர்ட் படம், அலுவலக அடையாள அட்டை, யாரோ எடுத்த குரூப் படத்தில் பாதிக் காது. மூன்றுக்கும் 'நான்' என்று பெயர் வைத்தேன்.

அவனைப் பார்த்தது ஒரு மழை நாள் மதியம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர் நனைந்து கறுத்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு புதிய கட்டு வந்து நின்றது. மாமியார் கட்டுக்குச் சமமான கட்டு. எல்லாம் இருட்டான முகங்கள். தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கிற மாதிரி கலங்கலாக இருந்தன. ஒரு கண் மட்டும் தெரிந்தது. மற்றொரு கண் இருக்க வேண்டிய இடத்தில் சில படங்களில் கறுப்பாக ஒரு பள்ளம். சிலவற்றில் வெள்ளையாக ஒரு ஒளி. "இவர் யார்?" என்று கேட்டது மென்பொருள்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு வட்டத்தைத் திறந்து முழுப் படத்தைப் பார்த்தேன். எங்கள் படுக்கையறை. பிறந்து சில நாளான மகளை மடியில் வைத்துக்கொண்டு மனைவி சிரிக்கிறாள். அவளுக்குப் பின்னால் பீரோக் கண்ணாடியின் மூலையில் விரல்நுனி அளவுக்கு ஒரு கறுத்த உருவம். முழங்கையைத் தூக்கியபடி, வெள்ளையாக எரிகிற ஒற்றைக் கண்ணோடு அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அடுத்ததைத் திறந்தேன். மகள் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஓடுகிற இருட்டில், அதே ஆள். பிறந்தநாள் படத்தில் பலூனின் பளபளப்பில் வளைந்து நின்றான். மாமியார் படத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடிக்குள்ளேயே இரண்டு பேராக நின்றான். மாமியாரையே நேருக்கு நேர் பார்க்கத் துணிந்தவன் என்றால் அவன் மனுஷனாக இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

வேறு பெயர் தெரியாததால் 'யாரோ' என்று தட்டினேன். பேருக்கும் பேய்க்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பது அப்போதுதான் உறைத்தது.

உடனே மென்பொருள் இன்னொரு கேள்வி கேட்டது. ஒரு பக்கம் அந்த ஒற்றைக் கண் முகம். இன்னொரு பக்கம் என் பாஸ்போர்ட் படம். நடுவில், "இவரும் இவரும் ஒரே ஆளா?"

"இல்லை" என்று அழுத்தினேன். கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்கக்கூட இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மனைவி வருகிற வரைக்கும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மழைச்சாரலில் நனைந்தது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

என் மனைவி எக்ஸ்ரே எடுப்பவள். ஆளை ஏறிட்டும் பார்க்காமல், நிழலை மட்டும் பார்த்து எங்கே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள். அந்தத் தைரியத்தில் அவளைக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினேன். கைப்பையைக் கீழே வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அவள் உதடு லேசாகத் துடித்தது. பாவம், அவளும் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு நிஜமாவே இது யாருன்னு தெரியலையா?"

"தெரிஞ்சா உன்னை எதுக்குக் கூப்பிடறேன். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

என் முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்ட மாதிரி இருந்தது.

"எவ்வளவு நாளா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. இந்த வீட்டுக்குக் குடிவந்தப்போ கூடவே வந்துட்டார்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நான் சொல்றதை நீங்க எப்போ காதுல வாங்கியிருக்கீங்க?"

"பயமா இல்லையா உனக்கு?"

"முதல்ல இருந்துது. அப்புறம் பழகிடுச்சு. பசிச்சாத்தான் கொஞ்சம் சத்தம் போடுவார். நேரத்துக்குச் சாப்பாடு வச்சுட்டா ஒரு தொந்தரவும் இல்லை."

அவள் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது மேசையில் ஒரு தட்டை மூடி வைத்துவிட்டுப் போவது நினைவுக்கு வந்தது. அதை இத்தனை வருஷமாக நான் அல்லவா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அவருக்கு என்னதான் வேணுமாம்?"

"அது அவருக்கே தெரியாது." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. இப்படித் தனியா ஒரு ரூம்ல விட்டா முத்திப்போயிடும். வீட்டுல இன்னொரு ஆம்பளை ஆள் இருந்தா அடங்கி இருப்பார்."

சொல்லிவிட்டு அவள் டீ போடப் போய்விட்டாள். அடுப்படியிலிருந்து ஏதோ பாட்டை முணுமுணுக்கிற சத்தம் வந்தது. பயத்தை மறைக்கப் பாடுகிறாள் என்று எண்ணி அவளுக்காக இரக்கப்பட்டேன்.

அதன் பிறகு அந்த அறையில் நான் உட்கார்ந்தது எல்லாம் கதவைத் திறந்து போட்டு, கூடத்து டீவியை அலறவிட்டுத்தான். அப்படியும் வேலை ஓடவில்லை. படங்களுக்குள் அவன் நடமாட்டம் கூடிக்கொண்டே போனது. கடற்கரையில் மகள் கட்டிய மணல்வீட்டின்மேல் நீளமாக ஒரு நிழல் விழுந்திருந்தது. அதற்கு முகமே இல்லை. இருந்தாலும் அந்த நிழலில் தூக்கிய முழங்கையைப் பார்த்ததும் அவன்தான் என்று தெரிந்துவிட்டது. எல்லாரும் சிரிக்கிற ஒவ்வொரு படத்திலும், அவர்கள் பார்த்துச் சிரிக்கிற திசையில் அவன் நின்றிருந்தான். மனைவி அவனைப் பார்த்துச் சிரித்திருந்தாள். மகள் அவனைப் பார்த்துக் கையசைத்திருந்தாள். அதுதான் என்னை மிகவும் வாட்டியது. என்னைப் பார்த்து அவர்கள் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு சோதனை செய்தேன். அது ஒரு விடுமுறை நாள் மாலை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். வாசல் பூட்டியிருந்தது. அறைக் கதவருகே நின்று காலி அறையை என் செல்போனில் படம் எடுத்தேன். கட்டில், மேசை, மகளுடைய அலமாரியின் கண்ணாடிக் கதவு. வேறு ஒன்றும் இல்லை. ஓர் ஈகூட இல்லை. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

மென்பொருள் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு 'யாரோ' கட்டில் புதிதாக ஒரு வட்டம் சேர்ந்தது. கீழே தேதி: இன்று.

முழுப் படத்தைத் திறந்து பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை. என் பின்னங்கழுத்தில் மூச்சுக்காற்று படுகிற மாதிரி இருந்தது. மின்விசிறிதான் என்று இப்போது சொல்லலாம். அந்த நேரத்தில் சொல்ல முடியவில்லை. திரும்பாமலே பின்பக்கமாக நடந்து கூடத்துக்கு வந்து, மைத்துனனைச் செல்போனில் கூப்பிட்டேன்.

அவனுக்கு ஆச்சரியம். நானாக அவனைக் கூப்பிட்டதே அதுவரை இல்லை. தங்க ஒரு விடுதி பார்த்துவிட்டதாகவும் எங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்றும் அவன் சொன்னான். சொந்தக்காரன் வீடு இருக்க விடுதியா என்று நான் மன்றாடினேன். அறை காலியாக இருக்கிறது, காற்றோட்டம் பிரமாதம், கட்டில் உறுதி என்றேன். இன்றைக்கே வந்தால் உத்தமம் என்றேன். வீடு தேடவே வேண்டாம் என்றும் சொன்னேன். அதைச் சொன்னது நான்தான். யாரும் என் வாயைப் பிடித்துத் திறக்கவில்லை.

இருட்டுவதற்குள் வந்து இறங்கினான். கையில் இரண்டு பெட்டி, முதுகில் கம்பெனியின் மாதிரி மெத்தை ஒன்று. பெட்டிகளை நானே தூக்கி அறைக்குள் வைத்தேன். அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நின்றேன். திரையில் வரிசையாக நின்ற வட்டங்களைப் பார்த்து இது என்ன அத்தான் என்றான். குரலைத் தாழ்த்தி, கல்யாண நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அன்றைக்கு எடுத்த படத்தைத் திறந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மவுஸைக் கிளிக் கிளிக்கென்று தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அத்தான், அலமாரிக் கண்ணாடியில நிக்கறது நீங்கதானே. செல்போனைக் கண்ணுகிட்டப் புடிச்சுக்கிட்டு."

கண்ணைத் திறந்தேன். நான்தான். பனியன் கிழிசல்கூட அதேதான். அவன் மற்ற படங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினான். பீரோக் கண்ணாடியில் கேமராவோடு நான். வெள்ளை ஒளி என் கேமராவின் ஃப்ளாஷ். ரயில் ஜன்னலில் நான். பலூனில் வளைந்துபோய் நான். மாமியாரின் மூக்குக்கண்ணாடிக்குள் பயந்த முகத்தோடு இரண்டு நான். மணலில் விழுந்தது என் நிழல். எங்கள் வீட்டுப் படங்களையெல்லாம் எடுத்தவன் நான். ஒன்றிலும் இல்லாதவனும் நான்.

"இவரும் இவரும் ஒரே ஆளா?" என்று மென்பொருள் பொறுமையாக மறுபடி கேட்டது. மைத்துனன் "ஆம்" என்று அழுத்தினான்.

நேரே அடுப்படிக்குப் போனேன். இப்படிப் பொய் சொல்லி என்னைக் கலங்கடிக்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் அதற்குள் கடையிலிருந்து திரும்பி வந்து தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கும் சேர்த்து ஒரு தட்டு கூடுதலாக இருந்தது.

"எது பொய்? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

ஒவ்வொன்றாக யோசித்தேன். கல்யாண நாளிலிருந்து கூட இருக்கிறேன். பசித்தால் சத்தம் போடுகிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாது. தனியாக விட்டதில் முத்தித்தான் போயிருந்தது. பொய் என்று பிடிக்க ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை.

அவள் துணியை மடித்து வைத்தாள். "அத்தனை படத்துல ஒருத்தர்கூட உங்க கையிலேர்ந்து கேமராவை வாங்கலை. அது எனக்கும் நீங்க கூப்பிட்டுக் காட்டின அன்னிக்குத்தான் தெரிஞ்சுது," என்றாள். அந்தக் குரலில் கேலி இல்லை. தன் செல்போனை எடுத்து, அடுப்படி வெளிச்சத்தில் என்னை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தாள். எப்படிச் சிரிப்பது என்று தெரியாமல் நின்றேன். அவள் சிரித்தாள். இந்த முறை என்னைப் பார்த்துத்தான்.

நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி பயமில்லை, வேலையை விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று உற்சாகமாக அறைக்குத் திரும்பினேன். மாதிரி மெத்தை கட்டிலில் ஏறியிருந்தது. என் கம்ப்யூட்டர் கூடத்தில் செருப்பு அலமாரியின்மேல் இருந்தது. உள்ளே விளக்கை அணைத்துப் படுத்திருந்த மைத்துனன் தலையை மட்டும் தூக்கினான்.

"அத்தான், போகும்போது அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திட்டுப் போங்க."