ரிவர்ஸ் போகாத உன் அத்தான்

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உன்னுடைய டிரைவிங் ஸ்கூலைப் பற்றி மட்டும் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை, அதை நேரில் வந்து பேசிக்கொள்கிறேன். இங்கே நான் சௌக்கியமில்லை.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அக்காவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. வாடகைக் காரின் பின்சீட்டில், மடியில் கைப்பையை வைத்து அதன்மேல் எழுதுகிறேன். எனக்கு ஒரு பக்கம் தையல்காரர், அவர் மடியில் அவருடைய தையல் மெஷின். முன்சீட்டில் நர்ஸம்மா. இன்னொரு பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கடல், அதுவும் ரொம்பக் கீழே. எதிரே ஒரு தண்ணீர் லாரி, மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி நிற்கிறது. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய மலைப்பாதை. உன் அத்தான் இறங்கிப் போய் லாரி டிரைவரிடம் சட்டம் பேசிக்கொண்டிருக்கிறார். இந்தத் தீவில் போன் எடுக்காது, அதனால்தான் கடிதம். சாயங்காலப் படகில் இது கிளம்பிவிடும், அடுத்த படகில் நான் வந்துவிடுவேன், தனியாக. மாடி அறையைக் கூட்டித் துடைத்து வை. எத்தனை நாளைக்கு என்று கேட்காதே. இந்த மனுஷரோடு இனிமேல் என்னால் குப்பை கொட்ட முடியாது.

ரயில் இன்ஜின் ஓட்டினவர் ரிட்டயர் ஆனால் வீடு என்ன பாடு படும் என்று உனக்குத் தெரியாது. விடியுமுன் எழுந்து ஷூ மாட்டிக்கொள்வார், டூட்டி இல்லை என்று ஞாபகம் வந்ததும் ஷூவோடு ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பார். குக்கர் விசில் அடித்தால் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்ப்பார். பெரியவன் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், "அம்மா, அப்பாவக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போயிட்டு வாங்கம்மா, உங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தான். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஓர் ஆசை, உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கடலில் கால் நனைக்க வேண்டும், இவர் பக்கத்தில் நிற்க வேண்டும், யாரும் வாட்சைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதானேடா கேட்டேன்? இத்தனை வருஷம் டூட்டி டூட்டி என்று போய்விட்டது, இப்போதாவது கிடைக்கும் என்று நம்பி வந்தேன். தீவுக்கு வந்து இன்றுவரை என் காலில் ஒரு சொட்டுக் கடல் தண்ணீர் படவில்லை. சுற்றிலும் கடல்தான்!

எல்லாம் அந்த வாடகைக் காரால் வந்த வினை. சாவியைக் கொடுத்த கார்க்காரர், "ரோடு கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றார். ரோடு என்று நாம் சொல்வதே மரியாதைக்குத்தான். பள்ளம், பள்ளத்துக்குள் கல், கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளம். சரி, மெதுவாகப் போகலாம் என்று முன்கதவைத் திறந்தால் உன் அத்தான் என்னைத் தடுத்து, "நீ பின்னாடி உக்காரு" என்கிறார். ஏன் என்று கேட்டேன். "ரயிலுக்குக் கார்டு கடைசியிலதான் இருக்கணும், கொடி காட்ட" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். பச்சையில் ஒரு கைக்குட்டை, சிவப்பில் ஒரு கைக்குட்டை, ஊரிலிருந்தே மடித்துக் கொண்டுவந்திருக்கிறார் தம்பி! நான் ஜன்னல் வழியாகப் பச்சையை ஆட்டினால்தான் வண்டி கிளம்பும். ஆட்டாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் ஏறியதுதான் மிச்சம், கடைசியில் ஆட்டினேன்.

கிளம்பி முதல் வளைவு வந்தது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. "ஏங்க, திருப்புங்க! திருப்புங்க!" என்று கத்தினேன். காலமெல்லாம் தண்டவாளமே வண்டியைத் திருப்பிவிட்டுப் பழகின ஆள், தன் கையால் திருப்ப வேண்டும் என்பது அவசரத்துக்கு நினைவில் வருவதில்லை. நேராக ஒரு புதருக்குள் போய் நின்றோம். அங்கேயே பக்கக் கண்ணாடி போயிற்று. உள்கண்ணாடி அடுத்த பள்ளத்தில் என் மடியில் வந்து விழுந்தது. கார்க்காரரிடம் பயந்து பயந்து சொன்னேன். "விடுங்கம்மா, இந்த ஊர்ல பின்னாடி பாத்து யாரு ஓட்டுறா?" என்றார். இந்த ஊரும் உன் அத்தானும் அப்படியொரு பொருத்தம்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வழியில் ஒரு பஸ் நிழற்குடை தெரிந்தது. வண்டியை நிறுத்தினார். "ஏன் நிறுத்துறீங்க?" என்றால், "ஸ்டேஷன் வந்தா நிக்கணும்ல" என்கிறார். அங்கே எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸுக்காகக் காத்திருந்த நர்ஸம்மா, கார் தனக்காகத்தான் நின்றது என்று நினைத்து ஏறிக்கொண்டார். அடுத்த நிழற்குடையில் தையல்காரர். உன் அத்தானுக்கோ வாயெல்லாம் பல். மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் நிறுத்தினார். அவர்களும் அதே இடத்தில் நின்றார்கள். இப்போது தீவு முழுக்க இது டைம் தவறாத வண்டி என்று பெயர் வாங்கிவிட்டது. "இன்னைக்குக் கடலுக்குப் போலாங்க" என்று நான் சொன்னால், "அந்தப் பக்கம் ஸ்டாப் இல்லையே" என்கிறார். விடுமுறைக்கு வந்தவள் விடிந்தால் எழுந்து கொடி ஆட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு பெரிய பள்ளத்தில் வண்டி விழுந்ததில் தையல் மெஷின் தானாகச் சுற்றி என் முந்தானையைச் சீட்டு உறையோடு சேர்த்துத் தைத்துவிட்டது. தையல்காரர் பிரித்துக் கொடுத்துவிட்டு, "தையல் என்னமோ நேராத்தான் விழுந்திருக்கு" என்று சந்தோஷப்பட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது இந்த லாரி. லாரி டிரைவர் நல்லபடியாகத்தான் சொன்னார். "ஐயா, நான் லோடு வண்டி. மேட்டுல பின்னாடி வந்தா வண்டி என் பேச்சக் கேக்காது. உங்க பின்னாடி அகலமான இடம் இருக்கு, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க." அதற்கு உன் அத்தான், "சிங்கிள் லைன்ல எதிர் வண்டி வரவே கூடாது. உன்னை யாரு விட்டா?" என்று கேட்கிறார். "யாரும் விடலீங்க, நானாத்தான் வந்தேன்" என்கிறார் அவர். நர்ஸம்மா லாரியையும் வாட்சையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஊசி போட வந்த குழந்தைகள் கிளினிக் வாசலில் நிற்குமாம்.

சட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உன் அத்தானுக்கு ரிவர்ஸ் தெரியாது. முந்தாநாள் விடுதி வாசலில் பின்னால் எடுக்கத் தெரியாமல் விடுதியையே ஒரு சுற்றுச் சுற்றி, விடுதிக்காரம்மா காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பு அத்தனையையும் கார்மேல் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். அப்போதே எனக்கு உன்மேல் சந்தேகம் வந்தது. உண்மையைச் சொல், அத்தான் ஆயிற்றே என்று அவரை நேராக மட்டும் ஓட்டவைத்து லைசென்ஸ் வாங்க அனுப்பினாயா இல்லையா? என்னை மட்டும் தெருமுனையிலிருந்து உன் வாசல்வரை ரிவர்ஸிலேயே வரவைத்து உயிரை வாங்கினாயே! ஆமாம், என் லைசென்ஸ் இப்போதும் இந்தக் கைப்பையில்தான் இருக்கிறது. அவர் டூட்டிக்குப் போன நேரத்தில் உன்னிடம் வந்து கற்றுக்கொண்டதை இன்றுவரை அவரிடம் மூச்சுவிடவில்லை. "இந்த வீட்டுல ஒரு டிரைவர் போதும்" என்று எப்போதும் பெருமையாகச் சொல்வார், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். வேலை போன மனுஷரிடம் இதையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அதற்காக ஆயுசு முழுக்கப் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருக்கவும் முடியாது. மாடி அறையை மறக்காதே.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. எல்லாரும் நல்லபடியாக இருங்கள், வண்டியில் போகும்போது பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது நர்ஸம்மா திரும்பி, "ஏம்மா, உங்கள்ல யாருக்குமே ரிவர்ஸ் தெரியாதா?" என்று கேட்டார். நான் வெளியே பார்த்தேன். உன் அத்தான் லாரிக்கு முன்னால் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பேசுவதற்குச் சட்டம் தீர்ந்துபோய், தெரியாது என்று சொல்லவும் வாய் வராமல் நின்றார். பாவமாகிவிட்டது தம்பி. இறங்கி முன்னால் போய் உட்கார்ந்தேன். "ஏய், அது டிரைவர் சீட்டு!" என்று ஓடி வந்தார். "தெரியும். கண்ணாடி ரெண்டும் போச்சு, பின்னாடி ஒண்ணும் தெரியல. நீங்க போய்க் கொடி காட்டுங்க" என்று கைக்குட்டைகளை நீட்டினேன். என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு போனார். ஜன்னலில் தலையை நீட்டி அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டே எடுத்தேன். என்ன சிக்னல் தெரியுமா! பச்சை என்றால் பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு, ஒரு சாண் பிசகவில்லை. அவர் இல்லாவிட்டால் நாங்கள் மூணு பேரும் தையல் மெஷினும் கடலுக்குள்தான். லாரி எங்களைத் தாண்டிப் போகும்போது டிரைவர் அவருக்குத்தான் கும்பிடு போட்டார்.

பிறகு அவராகவே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கிளினிக்கில் நர்ஸம்மாவை இறக்கி, கடையில் தையல்காரரை இறக்கினேன். அப்புறம், "யாரு கத்துக் குடுத்தா?" என்றார். "தம்பி" என்றேன். "எனக்கு மட்டும் ஏன் ரிவர்ஸ் சொல்லிக் குடுக்கல?" என்றார். "உங்களப் பின்னாடி போகச் சொல்ல அவனுக்குப் பயம்" என்றேன். சிரித்தார் தம்பி. ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. கடிதத்தைச் சேர்க்கப் படகுத்துறைக்குப் போகும் வழியில் மணல் தெரிந்தது, திருப்பிவிட்டேன். "இங்க ஸ்டாப் கிடையாதே!" என்றார். "டிரைவர் நிறுத்தினா ஸ்டாப்தான்" என்றேன். அதனால் படகு போய்விட்டது. இந்தக் கடிதம் மட்டும் அடுத்த படகில் வரும், நான் வரவில்லை. காரை இன்னும் ஒரு வாரத்துக்கு எடுத்துவிட்டோம். மாடி அறையில் துணி காயப்போட்டுக்கொள்.

கடல் முழங்கால்வரை வந்தது. அவர் கரையில் ஷூவோடு நின்று, நேரமாகிவிட்டது என்று சிவப்புக் கைக்குட்டையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். நான் பார்க்காத மாதிரியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் தண்ணீர் சலசலத்தது. ஷூவை மறந்துவிட்டார், அதோடேயே வந்து நின்றார்.